வல்லாரைச் சிவப்பு

வெறும் இலையை அரைத்து வைத்துப் பார்த்தாயா என்று கேட்டால் போதும். அவ்வளவுதான். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம், மிச்சத்தை மேடையில் நிற்கிற அந்தப் பெண்ணோ அவளுடைய கைடு தாணுலிங்கமோ பார்த்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது, நான் வெளியூர்த் தேர்வாளர், கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலேறி வந்தவள், இந்த ஊர் மட்டி வாழைப்பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வை நடத்திவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவேன். கேட்பதற்குத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள். இல்லை திலகேஸ்வரி, உனக்குத் தெரியாதா, நீ கேட்கமாட்டாய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏசி சொட்டுகிறது. யாரோ ஒரு வாளியை வைத்திருக்கிறார்கள், டொக் டொக்கென்று விழுகிறது, எரிச்சலாக இருக்கிறது. ஜெபஸ்லின் என்று பெயர் அந்தப் பெண்ணுக்கு. நீலப் பட்டுச் சேலை, புதுசு, கஞ்சி மொடமொடப்பு போகாமல் இடுப்பில் உப்பிக்கொண்டு நிற்கிறது, கையில் இருக்கிற லேசர் புள்ளி திரையில் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்குகிறது. பாவம். நானும் என் வைவாவில் இப்படித்தான் நடுங்கினேன், என் தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார், அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையில் இவளுடைய அப்பாவும் அம்மாவும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவராம், வாசலில் தாணுலிங்கம் அறிமுகப்படுத்திவைத்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அவசரமாக இறக்கிவிட்டார். "நாங்க படிக்காத ஆளுகளாக்கும் மேடம். பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க." பாத்துக்கிடுங்க. எதைப் பார்த்துக்கொள்வது? பார்க்காமல் இருப்பதற்குத்தான் எனக்குப் பொன்னாடையும் மீன் சாப்பாடும். சர்க்கரை மாத்திரை போட்டு நேரமாகிவிட்டது, வயிறு கிள்ளுகிறது, சீலா மீன் என்று சொன்னதாக ஞாபகம். அரைத்து வைத்துப் பார்த்தாயா அம்மா. அம்மா என்று சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

எங்கள் துறையில் ஆளுக்கொரு இலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான், புதிதாக ஒரு பெண்ணோ பையனோ பிஎச்டி சேர்ந்தால் கைடு முதலில் கொடுப்பது ஒரு இலையை. மற்றவர்கள் யாரும் தொடாத இலையாக இருக்க வேண்டும், அதுதான் புதுமை. பெயர்கூட மறந்துபோகும், இலை மறக்காது. அந்த வேப்பிலைக்காரிக்கு வேலை கிடைத்ததா, செம்பருத்தி இன்னுமா முடிக்கவில்லை, துளசிக்குக் கல்யாணமாமே. இலையை அரைத்து ஸ்பிரிட் ஊற்றி எஃகுக் குடுவையில் அடைத்து அடுப்பில் வேகவிட்டால் அது கரிந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகிவிடும். கார்பன் டாட்ஸ். புற ஊதா டார்ச்சை அடித்தால் மினுங்கும். அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று எல்லா ஆய்வேட்டிலும் முதல் அத்தியாயம் ஒரே மாதிரிதான் சொல்லும், நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது, விளக்கு செய்யலாம், சீனாக்காரனிடம் அரிய உலோகம் வாங்க வேண்டாம், புற்று வந்த செல்லைக் காட்டும், தண்ணீரில் பாதரசத்தைக் காட்டும், கள்ளநோட்டைக் காட்டும். நீலமாக மினுங்குவது யார் செய்தாலும் வரும், அதற்கு மதிப்பில்லை. சிவப்புதான் அபூர்வம். எல்ஈடி விளக்கின் வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி வெளிறிப்போகாமல் வீட்டு வெளிச்சமாக வர வேண்டுமென்றால் கொஞ்சம் சிவப்பு கலக்க வேண்டும், உலகம் முழுக்க அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள், நம் ஊர்க் கீரையிலோ அது அள்ள அள்ள வருகிறது. நான்தான் முதலில் காட்டினேன். முருங்கைக்கீரை. பேப்பர் வந்த வாரம் துணைவேந்தர் கூப்பிட்டுக் கைகொடுத்தார், பத்திரிகைக்காரன் ஒருத்தன் முருங்கை மாமி என்று தலைப்புப் போட்டுவிட்டான், மாமி இல்லை நான், அது வேறு கதை. இவளுடைய ஆய்வேட்டில் முதல் மேற்கோள் என்னுடையது. இவள் வல்லாரை. ஞாபகசக்திக்கு நல்லது என்று தாணுலிங்கம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஜோக்கைச் சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் நாங்களும் சிரிப்போம். இப்போது திரையில் அந்த வரைபடம் வந்துவிட்டது. வேண்டாம், அதில் புள்ளியை வைக்காதே பெண்ணே, சீக்கிரம் தள்ளிவிட்டுப் போ. சிவப்பு எழும்பி நிற்கிற அந்த இடம், ஊசி மாதிரி ஒல்லியான முகடு. பச்சையம் எங்கே எழும்புமோ சரியாக அதே இடம். கரித்துணுக்கு இவ்வளவு ஒழுங்காக எழும்பாது, அது தத்தக்க பித்தக்கவென்று அகலமாகத்தான் எழும்பும். வீட்டில் இந்தப் பக்கத்தைப் படித்தபோது ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டுக் காபி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதினெட்டு வயதுப் பெண்ணுக்கே தெரிந்த விஷயம் அது. கல்லூரி முதல் வருஷம், தாவரவியல் லேபில் ரெஜினா மிஸ் பசலைக்கீரையை அம்மிக்குழவி மாதிரி ஒன்றால் நசுக்கி ஸ்பிரிட்டில் வடிகட்டி டெஸ்ட் டியூபை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள். பச்சைத் தண்ணீர். "இப்ப சைடுல வந்து பாருங்கடி" என்றார்கள். நகர்ந்து போய்ப் பார்த்தால் அதே தண்ணீர் ரத்தச் சிவப்பு. நாங்கள் கத்தினோம், கற்பகத்துக்கு மயக்கமே வந்தது, அல்லது வந்த மாதிரி நடித்தாள். பச்சையத்துக்கே உள்ள குணம், எழுதிக்கொள்ளுங்கள் என்று மிஸ் சொன்னதும் மணி அடித்தது. அடுப்பு வேண்டாம், எஃகுக் குடுவை வேண்டாம், பிஎச்டி வேண்டாம். ஒரு பிடி கீரை, கொஞ்சம் ஸ்பிரிட், வெயில். அப்படியென்றால் முருங்கை பேப்பர் எழுதும்போது எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரியாது. இரண்டும் உண்மைதான். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி குடும்பம் மாதிரி, அந்த வெயில் ஒரு அறையிலும் இந்த வரைபடம் இன்னோர் அறையிலும் வருஷக்கணக்காக இருந்திருக்கின்றன, நான் நடுவில் போய்வந்துகொண்டிருந்தேன். வேகவைத்த பிறகும் பச்சையம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது கடினமே இல்லை. வேகாத இலையை அரைத்துப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். செலவே கிடையாது. அதனால்தான் யாரும் செய்யவில்லையோ என்னவோ. தேவையில்லாத வேலை என்று நினைத்தோம் என்று சொல்லலாம், யாராவது கேட்டால். யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருக்கிற எல்லோர் கையிலும் ஒரு இலை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் சுற்றிவளைக்க வேண்டும், பயம்தான். இந்தப் பெண்ணிடம் நான் கேட்கிற கேள்வி அவளிடம் நிற்காது, முருங்கைக்கு வரும், அப்புறம் என்னிடம் படித்துப்போன அத்தனை பிள்ளைகளின் இலைகளுக்கும் வரும், அவர்கள் எங்கெங்கேயோ வேலையில் இருக்கிறார்கள், குழந்தை பெற்றிருக்கிறார்கள், லோன் கட்டுகிறார்கள். வருகிற வருஷம் ஓய்வு எனக்கு. மாலை போட்டு அனுப்பப் போகிற வேளையில் நானே போய் வீட்டைக் கொளுத்திக்கொள்வேனா.

விளக்கை அணைக்கிறார்கள். செய்முறை விளக்கமாம். தாணுலிங்கமே எழுந்து போய் மேசையில் இருக்கிற கறுப்புத் துணியை எடுக்கிறார். துணி ஏன் போட்டிருக்கிறார் என்று இந்த அரங்கத்தில் அவர்களைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். வெளிச்சம் பட்டால் பச்சையம் வெளுக்கும், செத்துவிடும் அந்தச் சிவப்பு. ஜெபஸ்லின் குப்பியில் டார்ச்சை அடிக்கிறாள். இருட்டில் சிவப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, பொய் என்று தெரிந்தும் கண் அதை விட்டு நகரமாட்டேன் என்கிறது. பின்னாலிருந்து ஏதோ ஒரு குழந்தை "ஐ!" என்கிறது. யாரோ கை தட்டுகிறார்கள், அவளுடைய அம்மாவாக இருக்கும். அப்புறம் விளக்கு, அந்தச் சிவப்பைப் பூசியெடுத்த எல்ஈடி, இளமஞ்சளாக எரிகிறது, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகமெல்லாம் திடீரென்று நல்லவர்கள் முகம் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம்தான். தாணுலிங்கம் அணைத்துவிட்டார், துணியைப் போட்டுவிட்டார். புத்திசாலி. என் முருங்கை விளக்கை நான் அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டேன், வருகிறவர்கள் போகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. சிந்துஜாதான் ஒரு நாள் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சிந்துஜா என் மாணவி, இப்போது என்னிடம் இருக்கிற கடைசிப் பிள்ளை, தருமபுரிக்காரி, கறிவேப்பிலை. "மேடம், இது வெளுத்துப் போச்சுங்க மேடம்." பேக்கிங் சரியில்லை, காற்றுப் புகுந்திருக்கும் என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். ஆனால் போகவில்லை. கதவுப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "வேற என்ன?" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, மாவு மில்லில் கத்துகிற மாதிரி. "ஒண்ணுமில்லீங்க மேடம்." அவளுக்கு அடுத்த மாதம் வைவா. தேர்வாளர் யார்? தாணுலிங்கம். நான் இவருடைய பிள்ளைக்கு, இவர் என் பிள்ளைக்கு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரிதான், எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் செய்துகொள்கிறோம், வாய்விட்டு யாரும் பேசிக்கொள்வதில்லை. நான் இன்றைக்கு வாயைத் திறந்தால் அடுத்த மாதம் அங்கே அவர் திறப்பார். சிந்துஜாவுக்கு அப்பா இல்லை. அவளுடைய அண்ணன் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்து இந்த வருஷம் முடிஞ்சிருங்களா மேடம் என்று கேட்பான். அப்படியென்றால் நான் சிந்துஜாவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன். ஆமாம், அவளுக்காகத்தான். இதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கிறது.

விளக்குகள் மறுபடி எரிகின்றன. பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்கிறார் தாணுலிங்கம். ஜூனியர் பிள்ளைகள் உள்ளங்கையில் மடித்து வைத்திருக்கிற துண்டுச்சீட்டைப் பிரிக்கிறார்கள், கேள்வியையும் ஜெபஸ்லின்தான் எழுதிக் கொடுத்திருப்பாள், இதுவும் எங்கள் வழக்கம்தான். இந்தத் துணுக்குகள் உடம்புக்கு நஞ்சா அக்கா? இல்லை, மிகவும் பாதுகாப்பானவை. மற்ற இலைகளைவிட வல்லாரையின் சிறப்பு என்ன அக்கா? எளிதில் கிடைப்பது. மூன்றாவது பையன் சீட்டைத் தொலைத்துவிட்டான், பாக்கெட்டைத் தடவிவிட்டு வாழ்த்துகள் அக்கா என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஜெபஸ்லின் சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிப் பார்க்கிறாள்? அந்தப் பார்வையில் பயம் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைதான் ஆசிரியரை இப்படிப் பார்க்கும், என்னைக் கேளுங்கள், என்னைக் கேளுங்கள் என்று. "இப்ப நம்ம எக்ஸ்டர்னல் மேடம்" என்று தாணுலிங்கம் மைக்கை என் பக்கம் நகர்த்தினார். மைக் சூடாக இருந்தது. வெறும் இலையை. அரைத்து வைத்து. இல்லை, வேண்டாம், எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்டு முடித்துவிடு. பெரிய அளவில் தயாரித்தால் செலவு என்ன ஆகும் என்று கேள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது, கெட்டிக்காரத்தனமான யோசனை. பாதிக் கதவைத் திறந்துவைப்போம், அவள் வராமல் போனால் அது அவள் பாடு, நான் கேட்டேன் என்பது எனக்கு இருக்கும், ராத்திரி படுத்தால் தூக்கம் வரும். "ஜெபஸ்லின், ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஒரே ஒரு கேள்வி. ஆய்வேட்டுல இல்லாத சோதனை ஏதாவது செஞ்சு பார்த்தீங்களா?" தாணுலிங்கம் தலையாட்டினார், நல்ல கேள்வி, யாருக்கும் வலிக்காத கேள்வி. இல்லை மேடம் என்று அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிடு, பெண்ணே.

"செய்தேன் மேடம்" என்றாள் ஜெபஸ்லின். லேசரை மேசையில் வைத்துவிட்டாள், கை இப்போது நடுங்கவில்லை. "வேக வைக்காம வெறும் வல்லாரையை ஸ்பிரிட்டில அரைச்சு வச்சுப் பாத்தேன். அதுவும் இதே சிவப்புதான் மேடம். அதே இடத்திலதான் எழும்புது. இது டாட்ஸ் இல்ல. பச்சையமாக்கும்." வாளியில் தண்ணீர் விழுந்தது. நான் தாணுலிங்கத்தைப் பார்த்தேன், தாணுலிங்கம் என்னைப் பார்த்தார், அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்படியென்றால் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாள், அவர் அமுக்கியிருக்கிறார். அரங்கத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அவளுடைய அம்மா பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார், மகள் கஷ்டமான கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்லிவிட்டாள் என்று. இப்போது நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம் என்றால் போதும். நீ சொன்னது சரி, முருங்கையும் அதுதான் என்று. இந்தப் பெண் பட்டத்தைப் பணயம் வைத்துச் சொல்லிவிட்டாள், எனக்கு அப்படி என்ன போகப் போகிறது, ஒரு மாலை, ஒரு பேப்பர், பழைய பெருமை. வாயைத் திறந்தேன். திறக்கும்போதுகூட என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. வந்தது இதுதான்: "நல்ல சிந்தனை. அதை ஆய்வேட்டுல எதிர்காலப் பணிகள் பகுதியில ஒரு வரியாச் சேர்த்துக்கோங்க." அப்புறம் எழுந்து நின்றேன், முழங்கால் மளுக்கென்றது, ஜெபஸ்லினுக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். கைதட்டல். எவ்வளவு சத்தம். அவள் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை கழுத்தில் அறுத்தது. தாணுலிங்கம் என் காதுப் பக்கம் குனிந்து, "பெரிய மனசு மேடம் உங்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு ஆர்வக்கோளாறு. சிந்துஜாவைப் பத்தி நீங்க கவலையே படாண்டாம்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அந்த அப்பா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், உள்ளங்கை மரப்பட்டை மாதிரி காய்ப்பு, அழுதுகொண்டிருந்தார். "எனக்க பிள்ளையைக் கரையேத்தி விட்டுட்டீங்க மேடம்." விடுங்கள் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, அவராக விடும்வரை நின்றேன். அவமானமாக இருந்தது. பசியும் இருந்தது, அதுதான் இன்னும் கேவலம், பக்கத்து அறையிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்ததும் வாயில் எச்சில் ஊறியது. இலை போட்டிருந்தார்கள். கை கழுவப் போனபோது ஜெபஸ்லின் பின்னாலேயே வந்தாள். துண்டை நீட்டினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மேடம், அந்தச் சோதனை நானா யோசிச்சது இல்ல. சிந்துஜாக்கா சொன்னதாக்கும்."

"எந்தச் சிந்துஜா?" என்றேன், தெரியாத மாதிரி.

"உங்க சிந்துஜாக்காதான். போன வருசம் திருச்சி மாநாட்டில எங்க ரெண்டு பேருக்கும் ஹாஸ்டல்ல ஒரே ரூம். அவங்க கறிவேப்பிலையை அரைச்சுப் பாத்துட்டு, அந்த வெளுத்த விளக்கையும் எடுத்துக்கிட்டு காலேஜில உங்க ரூமுக்கு வந்தாங்களாம். சொல்லப் பயந்து திரும்பிட்டாங்களாம். வைவா தேதி வந்ததும் நான்தான் சொன்னேன், அக்கா, எனக்க வைவா முதல்ல வருது, வாறது உங்க மேடம், நான் சொல்லிப் பாக்குதேன், அவங்க என்ன சொல்லுதாங்கன்னு பாத்துட்டு நீங்க சொல்லுங்கன்னு." அவள் கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அந்தப் பெயர். "வைவா முடிஞ்ச அப்ப புடிச்சுக் கூப்பிடுதாங்க மேடம். என்ன சொல்லட்டும்?"

உள்ளேயிருந்து தாணுலிங்கம், மேடம், சோறு ஆறுது என்று கூப்பிட்டார். போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது, மறுபடி ஆரம்பித்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத் துண்டை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

"பயப்படாம இருக்கச் சொல்லும்மா" என்றேன். "தாணுலிங்கம் சார் அதெல்லாம் கேக்க மாட்டார்."